வார்ப்பிரும்பு ட்ரிவெட்: எது பழசு, எது மறுவார்ப்பு?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைச் சந்தை ஒன்றில் 90 சிங்கப்பூர் வெள்ளி கொடுத்து, பூவேலைப்பாடு கொண்ட வார்ப்பிரும்பு ட்ரிவெட் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். சூடான பாத்திரத்தை மேசையில் வைக்கும்போது அடியில் போடும் குட்டைக் கால் தாங்கி அது. பின்பக்கத்தில் 1739 என்று எண் இருக்கிறது. அதுதான் செய்யப்பட்ட ஆண்டு என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். வீட்டில் இன்னொன்றும் இருக்கிறது. சிராங்கூன் சாலைப் பக்கம் சலவைக்கடை வைத்திருந்த உங்கள் தாத்தாவின் இஸ்திரித் தாங்கி. அதில் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை, துரு மட்டும் இருக்கிறது. வாங்கியது உண்மையில் பழசா, தாத்தாவுடையதைத் தூக்கிப் போடலாமா, சேகரிக்கத் தொடங்கினால் எதைப் பார்த்து வாங்குவது என்பவை உங்கள் கேள்விகள்.

1739 ஆண்டு அல்ல, அச்சின் எண். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் ஈரி நகரில் 1865இல் தொடங்கி 1957 வரை இயங்கிய கிரிஸ்வோல்டு நிறுவனம் தன் வார்ப்புகளுக்கு எண் கொடுத்து விற்றது. அதன் அலங்கார ட்ரிவெட்களில் 17இல் தொடங்கும் நான்கிலக்க எண்கள் உண்டு. அந்த எண்ணைப் பார்த்து 18ஆம் நூற்றாண்டுப் பொருள் என்று நம்பியவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். எமிக் என்ற பெயர் பொறித்த ட்ரிவெட்களிலும் இதே குழப்பம் வரும். அவற்றின் எண்களும் பார்ப்பதற்கு ஆண்டு போலவே இருக்கும். 18ஆம் நூற்றாண்டில் அடுப்பங்கரைக்கு முக்காலி வார்த்தவர்கள் அதன் முதுகில் ஆண்டைப் போட்டு அழகு பார்த்தது மிக அபூர்வம். ஆகவே இனி எங்கே நான்கிலக்க எண்ணைப் பார்த்தாலும் அது அட்டவணை எண் என்றே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு என்று சொல்பவர் அதற்கு வேறு சான்று காட்டட்டும்.

உங்கள் ட்ரிவெட்டில் அந்த எண்ணோடு கிரிஸ்வோல்டு பெயரும், ஈரி என்ற ஊர்ப்பெயரும் கூர்மையாக எழும்பியிருந்தால் அது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த நல்ல பொருள். 280 ஆண்டுப் பழமை இல்லை என்றாலும் சேகரிப்பவர்கள் விரும்பி வாங்குவது. பெயர் இல்லாமல் எண் மட்டும் இருந்தாலோ, பெயர் இருந்த இடம் மழுங்கிய மேடாகத் தெரிந்தாலோ, யாரோ ஒரு கிரிஸ்வோல்டு ட்ரிவெட்டையே மாதிரியாக வைத்து மறுபடி வார்த்திருக்கிறார்கள். அப்படியானால் 90 வெள்ளி அதிகம். நான் 20 வெள்ளிக்கு மேல் தரமாட்டேன்.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மறுவார்ப்பு வேறு, போலி வேறு. சலவைப் பெட்டியை அடுப்பில் சூடாக்கித் தேய்த்த காலத்தில் ட்ரிவெட் ஒரு வேலைக்கருவி. அயோவா மாநிலத்து மேரி ஃபுளோரன்ஸ் பாட்ஸ் என்ற பெண்மணி 1871இல் கழற்றி மாட்டும் கைப்பிடி கொண்ட சலவைப் பெட்டிக்கு காப்புரிமை பெற்றார். ஒரு கைப்பிடியை வைத்துக்கொண்டு, ஒரு பெட்டி ஆறும்போது அடுத்த சூடான பெட்டியில் மாட்டித் தேய்க்கலாம். அந்தப் பெட்டிகள் பெருகியபோது அவற்றை இறக்கி வைக்கும் தாங்கிகளும் பெருகின. பிலடெல்ஃபியாவின் என்டர்பிரைஸ் நிறுவனம் நடுவில் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தை வைத்து வார்த்த தாங்கியும், பாட்ஸ்டவுனின் கோல்புரூக்டேல் நிறுவனம் தன் பெயரையே வேலைப்பாடாக்கி வார்த்த தாங்கியும் இந்தக் காலத்தவை. மின்சார இஸ்திரிப் பெட்டி வீடுகளுக்குள் வந்ததும் அந்த வேலை போயிற்று. பிறகு பழைய அடுப்பங்கரையின் நினைவைச் சுவரில் மாட்டிவைக்க விரும்பியவர்களுக்காக, 20ஆம் நூற்றாண்டின் நடுவில், பென்சில்வேனியாவின் ரைட்ஸ்வில் ஊரில் வில்டன், ஜான் ரைட் ஆகிய வார்ப்பட ஆலைகளும், வர்ஜீனியாவின் வேன்ஸ்போரோ ஊரில் வர்ஜீனியா மெட்டல்கிராஃப்டர்ஸும் பழைய வடிவங்களை மறுபடி வார்த்தன. துலிப் பூ, இதயம், சேவல், நட்சத்திரம் என்று பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர்களின் வடிவங்களை வரைந்து, சிலவற்றுக்கு வண்ணமும் பூசினார்கள். பின்பக்கத்தில் தங்கள் பெயரைப் போட்டே விற்றார்கள். யாரையும் ஏமாற்றவில்லை. அந்த மறுவார்ப்புகளுக்கே இப்போது எழுபது எண்பது வயது. அவற்றை மட்டும் தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். சேர்ப்பதில் ஒரு குறையும் இல்லை என்பது என் கருத்து.

போலி என்பது பெயரை அரைத்து அழித்துவிட்டு, உப்புநீரில் ஊறப்போட்டுத் துருவேற்றி, ‘ஆண்டீக்’ என்று விற்பது. பொருள் ஒன்றாகவே இருந்தாலும் சொல்லும் பொய்தான் அதைப் போலியாக்குகிறது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? முன்பக்கத்தை மறந்துவிட்டுத் திருப்பிப் பாருங்கள். ட்ரிவெட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பெரும்பகுதி அதன் அடியில்தான் இருக்கிறது. அதற்குக் காரணம் அது பிறந்த விதம். களிமண்ணும் ஈரமும் கலந்த மணலை இரண்டு பெட்டிகளில் இறுக்கி, நடுவில் மரத்திலோ உலோகத்திலோ செதுக்கிய மாதிரியைப் பதித்து எடுப்பார்கள். அந்தப் பள்ளத்துக்குள் உருகிய இரும்பை ஊற்றுவார்கள். ஊற்றிய வாயில் உறைந்து நிற்கும் இரும்பை ஆறியபின் உடைத்து எடுப்பார்கள். உடைத்த இடத்தில் ஒரு வடு நிற்கும். அந்த வடு எங்கே இருக்கிறது, என்ன வடிவம் என்பதுதான் முதல் சாட்சி.

மிகப் பழைய வார்ப்புகளில் முதுகின் நடுவில் வட்டமான கரடு ஒன்று இருக்கும். மேலிருந்து நேராக ஊற்றியதன் அடையாளம். அதற்குப் பின் வந்தவற்றில், 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி முழுக்க, வட்டத்துக்குப் பதில் நீளமான மெல்லிய கீற்று. விரலால் தடவினால் கத்திமுனை உடைந்த தழும்பு போல நெருடும். நூற்றாண்டின் இறுதிக்கு வரும்போது ஒரே பெட்டியில் பல பொருள்களை வரிசையாக வைத்து, பக்கவாட்டிலிருந்து இரும்பு ஓடிவரும்படி வார்க்கத் தொடங்கினார்கள். அப்போது வடு விளிம்புக்குப் போய்விடும். அதையும் அரைத்து மறைத்துவிடுவார்கள். ஆகவே முதுகில் கீற்று இருந்தால் பொருள் பெரும்பாலும் 1900க்கு முந்தையது என்று சேகரிப்பவர்கள் சொல்வது பொதுவாகச் சரி. ஆனால் இது ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். விளிம்பில் ஊற்றிய பழைய பொருளும் உண்டு. அதோடு, கீற்று இருக்கும் பழைய பொருளையே மாதிரியாக வைத்து வார்த்தால் புதியதிலும் கீற்றின் உருவம் வந்துவிடும். உண்மையான கீற்றில் உலோகம் உடைந்த சொரசொரப்பு இருக்கும். நகலில் அது மழுங்கி, சுற்றியுள்ள பரப்போடு சேர்ந்து வழவழப்பாகவோ மணல்மணலாகவோ நிற்கும். நல்ல வெளிச்சத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும்.

இரண்டாவது சாட்சி அளவு. இதைத்தான் நான் மிக நம்புகிறேன், ஏனென்றால் இதில் கண்ணை ஏமாற்ற வழியில்லை. வார்ப்பிரும்பு உறைந்து ஆறும்போது ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு சுருங்கும். அதனால்தான் மாதிரி செதுக்குகிறவர் வேண்டிய அளவைவிடச் சற்றுப் பெரிதாகச் செதுக்குவார். ஆனால் நகல் எடுக்கிறவரிடம் அந்த மாதிரி கிடையாது. ஏற்கெனவே ஒருமுறை சுருங்கிய பொருளைத்தான் மணலில் பதிக்கிறார். அது இன்னொரு முறை சுருங்குகிறது. 20 சென்டிமீட்டர் நீள ட்ரிவெட்டின் நகல் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் குறைந்து வரும். நகலுக்கு நகல் எடுத்தால் 4 மில்லிமீட்டர். அசலின் சரியான அளவு தெரிந்தால் ஒரு வெர்னியர் காலிப்பரோடு விஷயம் முடிந்துவிடும். ஆகவே எந்த நல்ல பொருளைக் கையில் எடுத்தாலும், வாங்கினாலும் வாங்காவிட்டாலும், நீளம், அகலம், காலின் உயரம், எடை நான்கையும் குறித்துவையுங்கள். சில ஆண்டுகளில் அந்தக் குறிப்பேடு விற்பவர் சொல்லும் கதைகளைவிடப் பயனுள்ளதாகிவிடும்.

சுருங்குவதோடு விவரமும் மழுங்கும். இலையின் நரம்பு, எழுத்தின் முனை, சேவலின் கண் ஆகியவை அசலில் வெட்டியெடுத்தது போல நிற்கும். நகலில் மெழுகு உருகியது போல வழியும். பழைய ஆலைகள் வேலைப்பாடுள்ள பொருள்களுக்கு நன்றாகச் சலித்த நுண்மணலைப் பயன்படுத்தின. அதனால் பரப்பு கைக்கு வழுக்கும். நினைவுப்பொருள் கடைகளுக்காக அவசரமாக வார்த்தவற்றில் பரப்பு ரவை கொட்டிய மாதிரி இருக்கும். ஓட்டைகளின் உள்விளிம்பில் விரலை விட்டுப் பாருங்கள். இரண்டு மணற்பெட்டிகள் சேர்ந்த இடத்தில் பிசிறு தள்ளியிருக்கும். பழைய ஆலைத் தொழிலாளி அதை அரம் வைத்து ஒவ்வோர் ஓட்டையாக ராவியிருப்பார். பிந்தையவற்றில் பிசிறு அப்படியே இருக்கும், அல்லது மின்சாரச் சாணை ஒரே திசையில் இழுத்த கோடுகள் இருக்கும். இந்த ஓட்டைகளின் உட்புறத்தைப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதிக் கல்வி முடிந்தது.

கால்களைப் பாருங்கள். உண்மையில் புழங்கிய ட்ரிவெட்டின் கால்நுனிகள் ஒரே அளவில் தேய்ந்திருக்காது. ஒரு கால் அதிகம், ஒரு கால் குறைவு, தேய்ந்த பக்கமும் இழுத்துத் தள்ளிய திசையைக் காட்டும். கைப்பிடியில் ஓட்டை இருந்தால், ஆணியில் தொங்கியதன் தேய்மானம் ஓட்டையின் மேல்விளிம்பில் மட்டும் இருக்க வேண்டும். போலி செய்கிறவர் எல்லாப் பக்கமும் சமமாகத் தேய்ப்பார். துருவும் அப்படித்தான். பல பத்தாண்டுத் துரு கரும்பழுப்பாக, இறுகி, நகத்தால் சுரண்டினால் வராது. நேற்றைய துரு செம்மஞ்சளாகக் கையில் ஒட்டும், மேடு பள்ளம் பார்க்காமல் எங்கும் ஒரேமாதிரி படர்ந்திருக்கும்.

காந்தம் ஒட்டுகிறதா என்று பார்ப்பது அலுமினியத்தையும் பித்தளையையும் கழிப்பதற்கு மட்டுமே உதவும்; காலத்தைச் சொல்லாது. மரக்கரண்டியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். முழுசாக இருந்தால் மணிபோல ஒலி நீளும். விரிசல் இருந்தால் தடங்கென்று அடங்கிவிடும். வார்ப்பிரும்பு வளையாது, உடையும்; உடைந்ததைப் பித்தளை கொண்டு ஒட்டியிருந்தால் பின்பக்கத்தில் மஞ்சள் கோடு தெரியும்.

குறிகளைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் சிங்கப்பூரில் அமெரிக்கப் பொருள்களைவிட பிரிட்டிஷ் பொருள்கள் கிடைப்பதற்குத்தான் இயல்பான காரணம் இருக்கிறது. செம்பவாங், சாங்கி, சிலேத்தார், தெங்கா என்று படைத்தளங்கள் இருந்த ஊர் இது. 1971இல் பிரிட்டிஷ் படைகள் கிளம்பியபோது கனமான வீட்டுச் சாமான்களை யாரும் கப்பலில் ஏற்ற விரும்பியிருக்கமாட்டார்கள். பிரிட்டிஷ் வார்ப்பில் வைர வடிவத்தில் சிறு முத்திரை ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள். அது 1842 முதல் 1883 வரை வடிவமைப்பைப் பதிவு செய்ததற்கான முத்திரை. அதன் உச்சியில் சிறு வட்டத்துக்குள் I என்ற ரோமன் எண் இருந்தால் உலோகப் பொருள் என்று அர்த்தம். ஆண்டைக் குறிக்கும் எழுத்து 1867 வரை மேல்மூலையில் இருந்தது. 1868 முதல் வலது மூலைக்கு மாறியது. 1884இலிருந்து வைரம் போய், பதிவெண் மட்டும் வரிசையாகப் போடப்பட்டது. இந்த எண்களை ஆண்டுகளோடு பொருத்திப் பார்க்கும் பட்டியல்கள் எளிதில் கிடைக்கும். வெஸ்ட் புரோம்விச் ஊரில் 1791இல் தொடங்கிய கென்ரிக் ஆலையின் பெயர் இருந்தால் நல்ல கை. ஆனால் வைர முத்திரை வடிவத்தின் பதிவு நாளைத்தான் சொல்கிறது. அந்த வடிவத்தைப் பின்னாலும் பல ஆண்டுகள் வார்த்திருக்கலாம்.

நாட்டின் பெயர் பொறித்திருந்தால் அதுவும் ஒரு துப்பு. அமெரிக்கச் சுங்கச் சட்டம் 1891 முதல் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்கவேண்டும் என்றது. ஆகவே நாட்டுப்பெயர் உள்ளவை பெரும்பாலும் அதற்குப் பிந்தையவை. தைவான் என்று இருந்தால் 20ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் நினைவுப்பொருளாக வார்த்தது என்று எடுத்துக்கொள்ளலாம். காகிதத்தில் அச்சிட்டு ஒட்டிய நாட்டுப்பெயர் உரிந்துபோன பின் ‘பழசு’ ஆகிவிட்ட பொருள்களும் நம் ஊர்ச் சந்தைகளில் தாராளம்.

இப்போது தாத்தாவின் தாங்கிக்கு வருகிறேன். நீங்கள் அதைக் கேள்வியின் கடைசி வரியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கோ உங்கள் இரண்டில் முக்கியமானது அதுதான்.

சிங்கப்பூரில் சலவைத் தொழில் நம்மவர் கையில் இருந்த தொழில். பிராஸ் பாசா ஓடையில், அதாவது இன்றைய ஸ்டாம்ஃபர்ட் கால்வாயில், இந்தியச் சலவையாளர்கள் துணி துவைத்ததால்தான் டோபி காட் என்ற பெயரே வந்தது. இன்று எம்ஆர்டி ரயில் மாறுவதற்கு அங்கே இறங்குகிறவர்களில் எத்தனை பேர் அதை நினைக்கிறார்கள்? துவைத்த துணியைத் தேய்த்தது கரிப்பெட்டியால். பித்தளையிலோ இரும்பிலோ செய்த குழிவான பெட்டி, மேலே மூடி, மூடியைப் பூட்டும் கொக்கியில் பல நேரம் ஒரு சேவல் உருவம். உள்ளே கனன்ற கரி. அந்தச் சேவல் கொக்கிப் பெட்டிகள் அருங்காட்சியகங்களிலும் பழம்பொருள் கடைகளிலும் இருக்கின்றன; பளபளவென்று துலக்கி உணவகங்களில் அலங்காரமாக வைத்திருக்கிறார்கள். அவற்றோடு இருந்த தாங்கிகள் மட்டும் எங்கே? துருப்பிடித்த இரும்புத்துண்டு என்று பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போய்விட்டன. பெட்டியை வைத்திருப்பவர்களில் மிகச் சிலரிடம்தான் அதன் தாங்கியும் இருக்கும்.

உங்களுடையது கரிப்பெட்டியின் தாங்கிதானா என்று உறுதிசெய்ய, வடிவத்தைப் பாருங்கள். படகு போல முன்பக்கம் கூம்பி, பின்பக்கம் அகன்று, பெட்டி வழுக்காமலிருக்க ஓரத்தில் வரம்பு எழும்பியிருக்கும். கரிப்பெட்டியின் அடி பெரியது என்பதால் அடுப்பில் சூடாக்கும் கெட்டிப் பெட்டியின் தாங்கியைவிட இது அகலமாக இருக்கும். அடுத்து, அது வார்த்ததா, கொல்லன் அடித்ததா என்று பாருங்கள். முழுவதும் ஒரே உடலாக, மூட்டே இல்லாமல் இருந்தால் வார்ப்பு. பட்டை இரும்பை வளைத்து, தறையாணி அடித்துக் கால் பூட்டியிருந்தால் பட்டறை வேலை. சுத்தியல் பதிந்த தடமும் தெரியும். எது என்றாலும் மதிப்பில் குறைவில்லை. அடித்ததாக இருந்தால் ஒருவேளை இந்த ஊர்ப் பட்டறையிலேயே செய்ததாக இருக்கலாம். அப்படிப்பட்ட பொருளுக்கு எந்த நூலிலும் எண் கிடையாது, அளவுப் பட்டியல் கிடையாது. அது யாருடையது, எந்தக் கடையில் இருந்தது என்பதுதான் அதன் முழு வரலாறு. அதைத் தெரிந்தவர் நீங்களும் உங்கள் வீட்டுப் பெரியவர்களும் மட்டுமே. அம்மாவையோ மாமாவையோ கேட்டு, கடை எந்தத் தெருவில் இருந்தது, எத்தனை பெட்டிகள் வைத்திருந்தார், கரி எங்கே வாங்கினார் என்று ஒரு தாளில் எழுதித் தாங்கியோடு சேர்த்து வையுங்கள். தாத்தா கடையில் எடுத்த படம் ஒன்று அகப்பட்டால் இன்னும் நல்லது.

தயவுசெய்து மணல் பீய்ச்சித் துருநீக்கும் கடைக்கு அதைக் கொடுக்காதீர்கள். துருவோடு சேர்ந்து தேய்மானம், அரத்தடம், பழைய கரும்பூச்சு எல்லாம் போய்விடும். மிஞ்சுவது சாம்பல் நிறத்தில் நேற்று செய்தது போன்ற ஒரு பொருள். வினிகரில் இரவு முழுக்க ஊறவைக்கச் சொல்லும் காணொளிகளையும் நம்பாதீர்கள். வினிகர் துருவைத் தின்றபின் இரும்பையும் தின்னும். உலர்ந்த பித்தளைத் தூரிகையால் மெல்லத் தேய்த்து, உதிரும் துருவை மட்டும் எடுங்கள். இறுகிய கரும்பழுப்பை விட்டுவிடுங்கள். துளி மினரல் எண்ணெயை மெல்லிய எஃகுப் பஞ்சில் தொட்டு ஒற்றினால் அழுக்கு வரும். அதைத் துணியால் துடைத்துவிடுங்கள். தாத்தாவின் பொருளுக்கு அவ்வளவே போதும்.

சந்தையில் வாங்கியது மோசமாகத் துருப்பிடித்திருந்தால் மின்பகுப்பு முறை நல்லது. பிளாஸ்டிக் தொட்டியில் நீர், நான்கு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வாஷிங் சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். எதிர்முனை ட்ரிவெட்டில், நேர்முனை ஒரு வீணான சாதாரண இரும்புத் தகட்டில். இரண்டும் தொட்டுக்கொள்ளக் கூடாது. தகடாக எவர்சில்வரைப் போடவே கூடாது, அதிலிருந்து நச்சுத்தன்மையுள்ள குரோமியம் நீரில் கலக்கும். ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் சன்னலைத் திறந்துவைத்து, அடுப்பிலிருந்து தள்ளிச் செய்யுங்கள். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் துணி துவைக்கும் இடம் இதற்குப் போதும். வெளியே எடுத்துக் கழுவியதும் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். நம் ஊர்க் காற்றில் கண்ணெதிரே செம்மை படரும். துடைத்து உடனே மிதமான சூட்டில் அவனில் வைத்து உலர்த்துங்கள்.

வண்ணம் பூசிய பழைய ட்ரிவெட் என்றால் சுரண்டாதீர்கள். அமெரிக்காவில் ஈயம் கலந்த வீட்டு வண்ணங்கள் நாடு முழுதும் தடைசெய்யப்பட்டது 1978இல்தான். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதைச் சுவரில் உயரமாக மாட்டுங்கள், சாப்பாட்டு மேசையில் வேண்டாம்.

சிங்கப்பூரில் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். இரும்பு துருப்பிடிக்க 60 விழுக்காட்டைத் தாண்டினாலே போதும். குளிர்நாட்டில் எழுதிய பராமரிப்புக் குறிப்புகள் இதனால்தான் இங்கே எடுபடுவதில்லை. காட்சிக்கு வைப்பதை முடி உலர்த்தும் கருவியால் இளஞ்சூடாக்கி, நுண்படிக மெழுகை மெல்லியதாகப் பூசி, ஆறியதும் துணியால் மெருகேற்றுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பூசலாம். தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. தோசைக்கல்லுக்குச் சரி, தினமும் அடுப்பேறுவதால். சும்மா தொங்கும் பொருளில் அது பிசுக்காகித் தூசியைப் பிடிக்கும். கேமரா வைக்கும் ஈரநீக்கிப் பெட்டி வைத்திருப்பவர்கள் சிறந்த சிலவற்றை அதில் 45 விழுக்காட்டில் வைக்கலாம். கடலோரம் குடியிருந்தால் சன்னல் பக்கச் சுவரில் மாட்டாதீர்கள், உப்புக்காற்று துருவை விரைவாக்கும்.

பயன்படுத்தப்போகும் ட்ரிவெட்டுக்கு மெழுகு கூடாது, சூடான சட்டி வைத்ததும் உருகி ஒட்டும். சமையல் எண்ணெயை ஒற்றித் துடைத்து, 220 டிகிரியில் ஒரு மணி நேரம் அவனில் வைத்தால் கரும்படலம் படியும். கால்களுக்குக் கார்க் ஒட்டலாம். கம்பளித் துண்டு ஒட்டினால் அது ஈரத்தைப் பிடித்துக் காலையே அரிக்கும். கண்ணாடி அடுப்பின் மேல் மட்டும் ட்ரிவெட்டை வைக்காதீர்கள், கீறல் விழும்.

எங்கே வாங்குவது? சுங்கை ரோட்டுச் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதி மூடப்பட்டபின், தரையில் கோணி விரித்து ஒரே இடத்தில் இத்தனை விதப் பொருள் கிடைக்கும் வசதி போய்விட்டது. அது எனக்கு இன்னமும் ஆறாத வருத்தம். அங்கே பத்துப் பொருளைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் வரலாம். கண் பழகியது அப்படித்தான். இப்போது பெரும்பாலும் கரோசல் என்ற இணையச் சந்தைதான். விற்பவரிடம் பின்பக்கப் படம், கால்நுனிப் படம், அளவுகோலோடு ஒரு படம் கேளுங்கள். தர மறுத்தால் நகர்ந்துவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து தருவித்தால் இரும்பின் எடைக்கு அனுப்பும் செலவு பொருளின் விலையைத் தாண்டும், மேலே 9 விழுக்காடு பொருள் சேவை வரி.

புதியதாகவே நல்ல வார்ப்பு வேண்டுமென்றால் ஜப்பானின் இவாத்தே மாநில நம்பு இரும்பு வேலைப்பாட்டைப் பாருங்கள். 1975இல் அந்நாட்டு அரசு மரபுக் கைவினையாக அறிவித்தது. கெட்டிலுக்கு அடியில் வைக்கும் தாங்கிகள் இங்கே ஜப்பானியக் கடைகளில் கிடைக்கின்றன. மணலின் நுண்மை எப்படி இருக்கவேண்டும் என்று விரலுக்குச் சொல்லித்தர அதில் ஒன்று வீட்டில் இருந்தால் நல்லது.

நீங்கள் அனுப்பவேண்டியவை: 1739இன் முதுகு பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படம், அதன் நீளம் மில்லிமீட்டரில், எடை கிராமில். தாத்தாவின் தாங்கிக்கு, கால் பூட்டிய இடத்தின் படம், வரம்பின் உயரம், உள்ளகலம். வீட்டில் கரிப்பெட்டியும் எங்காவது இருக்கிறதா என்று பரணில் ஒருமுறை தேடிவிட்டு, இருந்தால் அதைத் தாங்கியில் வைத்து ஒரு படம்.